சொன்னது போய்ச் சேர்ந்ததா? வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்து கொடுக்கும் தங்கைகளுக்கு அக்காவின் டிப்ஸ்

மாமியாரையோ அப்பாவையோ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் செய்து வீட்டுக்கு அழைத்து வருகிறாய். ஒரு பை நிறைய மாத்திரை. ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. மருந்துக் கடைக்காரர் அட்டைகளின் மேல் பேனாவால் கிறுக்கிக் கொடுத்த குறிப்புகள். நர்ஸ் வேக வேகமாக ஒருமுறை சொன்னார். நீ தலையாட்டினாய், பெரியவரும் தலையாட்டினார். அன்று ராத்திரியே சந்தேகம் வந்துவிடுகிறது: அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

தங்கச்சி, இதற்காக உன் ஞாபகசக்தியை நொந்துகொள்ளாதே. வாய்ச்சொல்லாக மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை வந்த செய்தி யாருக்கும் அப்படித்தான் நழுவும். மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொருள் உணர்த்தச் சொல்லை மட்டும் நம்பியிருப்பதில்லை. 1996-ல் ‘நியூ லண்டன் குழு’ என்ற பெயரில் 10 கல்வியாளர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பொருள் உணர்த்தும் வழிகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: சொல், காட்சி, ஒலி, உடல் அசைவு, இடம். நாம் எதைப் புரிந்துகொண்டாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்றார்கள். அவர்கள் பேசியது பள்ளிப் படிப்பைப் பற்றி. ஆனால் மாமனாரையும் மாமியாரையும் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் என்ற முறையில் சொல்கிறேன், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதைவிட உதவும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த மாத்திரை, எத்தனை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொன்னதைப் பெரியவரிடம் பிசகாமல் கொண்டு சேர்ப்பது நம் வேலை. அதற்கான டிப்ஸ்தான் இவை.

1. முதலில் நீ சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்

மருந்துச் சீட்டில் இருக்கும் 1-0-1 என்ற குறியைப் பார்த்திருப்பாய். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது பெரும்பாலானவர்களுக்குப் புரிந்துவிடும். குழப்புவது ஆங்கிலச் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒருவேளை, பி.டி. என்றால் இருவேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். வலியோ காய்ச்சலோ இல்லாதபோது போடக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ.சி. என்று எழுதியிருந்தால் சாப்பாட்டுக்கு முன். ஏ.எஃப். என்று எழுதியிருந்தால் சாப்பாட்டுக்குப் பின். இரண்டும் ‘ஏ’யில் ஆரம்பித்தாலும் அர்த்தம் நேர் எதிர். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடையிலேயே நின்று, “இது சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியாண்ணா? தமிழ்ல எழுதிக் கொடுங்க” என்று கேள். பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டே நகரு.

கையெழுத்து புரியவில்லை என்றால் டாக்டரிடமே தயங்காமல் கேட்கலாம். மருந்தின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதியிலேயே திருத்தம் வந்திருக்கிறது.

அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரைவிடச் சிறிதாக அச்சாகியிருக்கும் மருந்துப் பெயர் முக்கியம். இரண்டு அட்டைகளில் வெவ்வேறு பெரிய பெயர்கள் இருக்கும், கீழே இரண்டிலும் பாரசிட்டமால் என்றே இருக்கும். இரண்டையும் கொடுத்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்ததாகிவிடும். ஒத்த ஓசையுள்ள பெயர்களிலும் கவனம் வேண்டும். ஹைட்ராக்ஸிசைன் அரிப்புக்கு, ஹைட்ரலசைன் ரத்த அழுத்தத்துக்கு. இந்த மாதிரிப் பெயர்களில் வேறுபடும் நடுப்பகுதியை மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில் அச்சிடும் முறையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001-லேயே கொண்டுவந்தது. நீ வீட்டில் ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, வேறுபடும் இடத்தை அடிக்கோடிட்டு வை. அது போதும்.

2. சொல்வதைச் சுவரிலும் ஒட்டு

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காக நான் போட்ட அட்டவணையை அப்படியே சொல்கிறேன், நீயும் செய்துகொள்.

அரை சார்ட் அட்டையை எடுத்துக்கொள். மூன்று பத்தியாகக் கோடு போடு. முதல் பத்தியின் தலையில் காபி டம்ளர், இரண்டாவதில் சோற்றுத் தட்டு, மூன்றாவதில் பாயும் தலையணையும் வரை. சூரியன், நிலா வேண்டாம். உதிக்கிற சூரியனும் மறைகிற சூரியனும் படத்தில் ஒன்று போலத்தான் இருக்கும். பெரியவர் அந்த நேரத்தில் கையால் தொடும் பொருளையே வரைந்தால் குழப்பம் வராது.

அடுத்து மாத்திரைகள். ஒவ்வொன்றையும் அட்டையின் மேல் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, அதே நிறத்தைத் தீட்டு. நிஜ அளவிலேயே இருக்கட்டும். அரை மாத்திரை என்றால் முழு வட்டம் போட்டுப் பாதியை மட்டும் நிரப்பு. ஒவ்வொரு பத்தியின் நடுவிலும் ஒரு சின்னத் தட்டு வரைந்து, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைத் தட்டுக்கு மேலே, பின் போட வேண்டியதைத் தட்டுக்குக் கீழே வை. பக்கத்தில் அது எதற்கு என்று ஒரே சொல்லில் எழுது: பிரஷர், சுகர், தைராய்டு. கடைசியில் அட்டவணை போட்ட தேதியை எழுது.

அட்டவணையை ஒட்டிவிட்டு, அதன் முன்னால் நின்று விரலால் தொட்டுத் தொட்டு வாயாலும் சொல்லிக் கொடு. கண்ணும் காதும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் வாங்கும்போதுதான் அது மனதில் தங்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இதெல்லாம் புரியுமா என்று யாராவது கேட்டால், நம் தேர்தல் வரலாற்றைச் சொல். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 18 சதவீதம்தான். ஆனாலும் 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்குப்பெட்டிகளில் ஒட்டிய சின்னங்களைப் பார்த்துத்தான் கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டார்கள். படம் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் நம் பாட்டிகளுக்கு நன்றாகவே உண்டு.

3. படத்தைத் தனியாக விடாதே

படம் எல்லோருக்கும் ஒரே மாதிரி புரியும் என்று நினைத்துவிடாதே. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தை கை கால் வளராமல் பிறக்கக்கூடும். பிரேசிலில் தொழுநோய் சிகிச்சையில் அந்த மருந்தைப் பயன்படுத்தினார்கள். எச்சரிக்கையாக, கர்ப்பிணிப் பெண்ணின் உருவத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட படத்தை அட்டையில் அச்சிட்டார்கள். அதைப் பார்த்த சில பெண்கள், கர்ப்பம் தங்காமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த ஆபத்தைத் தடுக்க அந்தப் படம் வந்ததோ, அந்த ஆபத்துக்கே அது வழிகாட்டிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் ரோஸ் டவுஸ் என்ற மருந்தியல் பேராசிரியர், அதிகம் படிக்காத மக்களிடம் மருந்துப் படங்களைக் காட்டி ஆராய்ந்தார். அமெரிக்காவில் வரைந்த படங்களைவிட, அந்த ஊர் மக்களின் வாழ்க்கைக்கு ஏற்றபடி உள்ளூரில் வரைந்த படங்களே நன்றாகப் புரிந்தன. உன் அட்டவணைக்கும் இதே விதிதான். வரைந்து முடித்ததும், “அத்தை, இந்தப் படத்தைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேள். அவர் வேறு ஏதாவது சொன்னால் அழித்துவிட்டு, அவர் சொல்கிறபடியே வரை.

4. நிறம் சொல்வதைக் கேள், அதோடு நின்றுவிடாதே

மாத்திரை அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கவோ சாப்பிடவோ கூடாது என்று அர்த்தம். ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி விழுங்கும் பழக்கத்தைக் குறைக்க 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இதை வைத்தே ஒரு பிரசாரம் நடத்தியது. பக்கத்து வீட்டு அக்கா, “எனக்கு இதுதான் கேட்டுச்சு” என்று ஓர் அட்டையை நீட்டினால், திருப்பிப் பார். கோடு இருந்தால் அன்போடு மறுத்துவிடு.

இன்சுலின் போடுகிற வீட்டில் நிறம் உயிர் காக்கும். நம் ஊரில் புட்டியில் வரும் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று பார். டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். புட்டி 100 வீரியமாக இருந்தால் அந்த அரை மி.லி.யில் 50 யூனிட் இருக்கும். சர்க்கரை சரிந்து நினைவே தப்பிவிடலாம். ஒவ்வொரு முறை புதுப் புட்டி வாங்கும்போதும் புட்டியின் எண்ணையும் சிரிஞ்ச் மூடியின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடு.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாத இடங்களும் உண்டு. கண்புரை உள்ளவர்களுக்கு நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். மக்கள் மருந்தகத்திலோ வேறு கடையிலோ வாங்கினால், அதே மருந்து இந்த மாதம் வெள்ளை, அடுத்த மாதம் ரோஸ் என்று வரும். “சிவப்பு மாத்திரை காலைல” என்று பழக்கிவிட்டால், நிறம் மாறிய அன்று எல்லாம் தலைகீழாகும். நிறத்தோடு வடிவம், பெயர், எதற்கு என்ற காரணம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல். மாத்திரை மாறினால் அட்டவணையையும் அன்றே மாற்று.

5. பேசும்போது உன் முகம் அவருக்குத் தெரியட்டும்

அடுப்படியிலிருந்து, “மாத்திரை போட்டாச்சா?” என்று கத்தினால் அது கூப்பாடாகத்தான் போய்ச் சேரும். வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் மங்கிவிடும். குரல் இருப்பது கேட்கும், சொல் தெளியாது. நாம் கத்தினால் சொல் இன்னும் சிதையும், முகமும் கோபமாக மாறிவிடும். பெரியவருக்கு வந்து சேர்வது கோபம் மட்டும்தான்.

எதிரில் உட்கார். ஜன்னல் வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார், உன் முதுகில் விழும்படி உட்காராதே. டி.வி.யை நிறுத்து. மாஸ்க் போட்டிருந்தால், முடிந்தபோது தள்ளி நின்று கழற்றிவிட்டுப் பேசு. நாம் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் இதை நிரூபித்துக் காட்டினார்கள். ஒலியில் ‘பா’, திரையில் ‘கா’ என்று அசையும் வாய். பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்டது ‘டா’. கண் பார்த்ததும் காது கேட்டதும் கலந்து மூன்றாவதாக ஒன்று உருவாகிவிட்டது.

எண்களில் கூடுதல் கவனம் வை. எழுபதும் எண்பதும் காது மந்தமானவருக்கு ஒன்று போலவே கேட்கும். “ஏழு, பூஜ்யம்” என்று இலக்கம் இலக்கமாகச் சொல். வேளைக்கு எத்தனை மாத்திரை என்பதை விரலையும் நீட்டிக் காட்டு.

6. கைக்கும் விரலுக்கும் வேலை கொடு

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள், பார்வை இல்லாத இன்னொருவரிடம் பேசும்போதும் கையசைத்துத்தான் பேசுகிறார்கள். 1998-ல் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ ஆகியோரின் ஆய்வு இதைக் காட்டியது. அடுத்தவர் பார்ப்பதற்காக மட்டும் கை அசைவதில்லை, யோசிப்பதற்கே அது துணை செய்கிறது. அதனால் பெரியவர் வார்த்தை தேடித் தடுமாறி, கையால் எதையோ காட்ட முயன்றால் அவசரப்பட்டு வாக்கியத்தை நீ முடித்துவைக்காதே. கை போகிற திசையைப் பார். “இங்கயா வலிக்குது? பரவுதா, ஒரே இடத்துல இருக்கா? காட்டுங்க” என்று கேள். உள்ளங்கையை விரித்து மார்பில் தேய்ப்பதற்கும் ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொடுவதற்கும் வித்தியாசம் உண்டு. டாக்டரிடம் போகும்போது அந்தக் கையசைவை அப்படியே செய்து காட்டு.

பார்வை மங்கியவர்களுக்குத் தொடுஉணர்வுதான் எழுத்து. நம் ரூபாய் நோட்டிலேயே இந்த ஏற்பாடு உண்டு. புது 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் தடவினால் தெரியும்படி 4 கோடுகள், 500 ரூபாயில் 5 கோடுகள். அதே உத்தியை மருந்துக்கும் கொண்டுவா. காலை மருந்துப் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. கண் திறக்காமலே எடுக்கலாம். சொட்டு மருந்தில் இது கட்டாயம், ஏனென்றால் கண் சொட்டும் காது சொட்டும் ஒரே மாதிரி குட்டிப் பாட்டிலில் வரும். காது மருந்தைக் கண்ணில் விட்டுவிடக் கூடாது. காது பாட்டிலைச் சுற்றி மெடிக்கல் டேப் ஒட்டிச் சொரசொரப்பாக்கிவிட்டு, இரண்டையும் வேறு வேறு அறையில் வை.

சிரப்பைச் சமையலறை ஸ்பூனால் அளக்காதே. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் மூடியில் 5 மி.லி. கோட்டின் மேல் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடு. பெரியவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

7. இடமும் ஒலியும் உனக்காகப் பேசட்டும்

மருந்து வைக்கும் இடமே ஒரு செய்தி. வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரையைக் காபி பில்டர் பக்கத்தில் வைக்காதே, காபியோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் கை போகிற இடத்தில், தண்ணீர்ச் சொம்பின் பக்கத்தில் வை. சாப்பாட்டுக்குப் பின் போடுவதைச் சாப்பிடும் இடத்திலேயே வை. நிறுத்தச் சொன்ன மாத்திரையை “வீணாப் போகுதே” என்று அதே டப்பாவில் வைத்திருக்காதே. டப்பாவில் இருப்பதெல்லாம் சாப்பிட வேண்டியது என்றுதான் பெரியவர் புரிந்துகொள்வார்.

அட்டையைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போடாதே. பெயரும் காலாவதித் தேதியும் ஒரு துண்டில் போய்விடும், மிச்சம் ஊமையாகிவிடும். கடையில் துண்டாகக் கொடுத்தால் தேதி உள்ள பக்கத்தை போனில் படம் எடுத்துவிட்டு வாங்கு.

நேரத்தைச் சொல்ல கடிகாரம் மட்டும்தான் இருக்கிறதா என்ன? கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, ரேடியோ செய்தி, ராத்திரி சீரியல் என்று உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் ஒலிப்பது எதுவோ, அதோடு மாத்திரையை முடிச்சுப் போடு. “சீரியல் பாட்டு வந்தா கொலஸ்ட்ரால் மாத்திரை” என்று ஒருமுறை பழகிவிட்டால் நீ வெளியூர் போனாலும் நடக்கும். போனில் அலாரம் வைப்பதென்றால் காலைக்கும் இரவுக்கும் வேறு வேறு ஒலி வை.

8. அவர்கள் உடல் சொல்வதை நீ படி

இதுவரை நாம் சொல்வதைப் பற்றிப் பேசினோம். அவர்கள் சொல்வதைக் கேட்பதும் பாதி வேலை. “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்று வாய் சொல்லும். எழுந்திருக்கும்போது முகம் சுளிக்கும். வாயை விட்டுவிட்டு முகத்தை நம்பு. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, 71-ம் 110-ம். ஒன்று அரசவைக்கு, ஒன்று காதலுக்கு. சொல்லாததைப் படிப்பதை அந்தளவுக்கு முக்கியமாக நினைத்திருக்கிறார் வள்ளுவர். நோயாளி இருக்கும் வீட்டுக்கும் அது அவ்வளவு முக்கியம்.

வலியை எண்ணால் சொல்லத் தெரியாதவர்களுக்கு முகப்படங்கள் உதவும். அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் இருவரும் 1980-களில் குழந்தைகளுக்காக உருவாக்கிய அளவுகோலில் 6 முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். தாளில் நீயே முகங்களை வரைந்து, “இப்ப உங்க வலி இதுல எது?” என்று தொட்டுக் காட்டச் சொல். காலையும் மாலையும் குறித்து வை. டாக்டருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

மறதி நோய் முற்றி, பேச்சே குறைந்தவர்கள் முகப்படத்தைக் கூடக் காட்ட மாட்டார்கள். அவர்களுக்காக 2003-ல் வெளியான ஓர் அளவுகோல் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: மூச்சு சிரமமாக இருக்கிறதா, முனகுகிறாரா, முகம் சுருங்குகிறதா, உடம்பு இறுகுகிறதா, தட்டிக் கொடுத்தால் அடங்குகிறாரா. திடீரென்று பிடிவாதம் பிடிக்கிறார், குளிக்க வர மறுக்கிறார், கையைத் தட்டிவிடுகிறார் என்றால் திட்டுவதற்கு முன் இந்த ஐந்தையும் பார். வலியாக இருக்கலாம்.

ஒரு பக்கம் வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குளறுகிறது. இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். படுக்க வைத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதே. 108-ஐ கூப்பிடு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்பு.

பக்கவாதத்தால் பேச்சு போனவருக்கு அறிவும் போய்விட்டது என்று எண்ணாதே. பலருக்குப் புரிதல் இருக்கும், சொல் மட்டும் வராது. தண்ணீர், கழிப்பறை, வலி, குளிர், பசி, தூக்கம் ஆகியவற்றுக்குப் படம் வரைந்த அட்டை ஒன்றைக் கட்டில் பக்கத்தில் மாட்டு. ஆம் என்றால் கையை ஒருமுறை அழுத்தட்டும், இல்லை என்றால் இருமுறை. அவர் முன்னாலேயே அவரைப் பற்றி, அவர் அங்கே இல்லாதது போலப் பேசாதே. சொந்தக்காரர்களையும் பேச விடாதே.

இன்னொன்று. பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான், சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் சுற்றும். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்ற உணர்வை வெளிப்படுத்தும் நேரத்தில் வார்த்தையும் குரலும் முகமும் முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்று பார்த்தார், அவ்வளவுதான். ராத்திரி அரை மாத்திரை என்பதை முகபாவத்தால் சொல்ல முடியாது. உணர்வுக்கு முகத்தைப் பார், அளவுக்குச் சொல்லையும் எழுத்தையும் நம்பு.

9. போனில் எதை எப்படி அனுப்புவது?

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள், பெரியவர் ஊரில் இருப்பார். குடும்ப குரூப்பில் மருத்துவச் செய்தி அனுப்புவதற்கு ஒரு முறை வைத்துக்கொள்.

எண் என்றால் எழுத்து. சர்க்கரை அளவு, பிரஷர், அடுத்த செக்கப் தேதி எல்லாவற்றையும் டைப் செய்து அனுப்பு. வாய்ஸ் மெசேஜில் சொன்ன எண்ணைத் தேடி எடுக்க முடியாது.

பொருள் என்றால் போட்டோ. மாத்திரைப் பெயரை வாயால் சொல்லாதே. அட்டையின் பெயரும் தேதியும் தெரிய, வெளிச்சத்தில் எடு. காயம், வீக்கம் என்றால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடு, அளவு தெரியும்.

அசைவு என்றால் வீடியோ. நடை தள்ளாட்டம், கை நடுக்கம், மூச்சு வாங்குவது இதையெல்லாம் எழுதி விளக்க முடியாது. சில நொடி வீடியோ போதும்.

மனசு என்றால் குரல். “அப்பா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டார்” என்பதை உன் குரலில் அனுப்பு. தூரத்தில் இருப்பவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அவசரம் என்றால் போன் கால் மட்டும்தான். மெசேஜ் போட்டுவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருக்காதே.

கட்டைவிரல் எமோஜியை மருந்து விஷயத்தில் ஏற்றுக்கொள்ளாதே. பார்த்தேன் என்று அர்த்தமா, வாங்கிவிட்டேன் என்று அர்த்தமா, கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தமா? “ராத்திரி மாத்திரை கொடுத்தாச்சு, மணி 9” என்று எழுதச் சொல்.

10. கடைசியாக, திருப்பிச் சொல்லச் சொல்

“புரிஞ்சுதா அத்தை?” என்று கேட்காதே. எந்தப் பெரியவரும் புரியவில்லை என்று சொல்ல மாட்டார். மருமகள் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். மருத்துவ உலகில், கேட்டவரையே அவருடைய சொற்களில் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். வீட்டில் அதை மரியாதை குறையாமல் இப்படிச் செய்யலாம்:

“அத்தை, நான் சரியாச் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. நாளைக்குக் காலைல எதெல்லாம் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்களேன்.”

“இந்தக் குட்டி மாத்திரைய எந்திரிச்சதும் வெறும் வயித்துல. இந்த நீட்ட மாத்திரை இட்லி சாப்பிட்டப்புறம்.”

“அந்தப் பாதி மாத்திரை?”

“அதுவும் காலைலதான்.”

“இல்லத்தை, அது ராத்திரிக்கு. நான்தான் வேகமாச் சொல்லிட்டேன் போல. அட்டையில பாருங்க, பாய் படத்துக்குக் கீழ இருக்கு. இன்னொரு தடவை பார்ப்போமா?”

தவறைத் திருத்தும்போது பழியை நாம் ஏற்றுக்கொண்டால் அவர் அடுத்த முறையும் தயங்காமல் பேசுவார். வாயால் சொல்லச் சொல்வதோடு நிறுத்தாமல், எடுத்துக் காட்டவும் சொல். இன்ஹேலர் என்றால் உறிஞ்சிக் காட்டச் சொல், இன்சுலின் என்றால் சிரிஞ்சில் அளவு எடுத்துக் காட்டச் சொல். சொல்லத் தெரிந்து செய்யத் தெரியாதவர்கள் உண்டு. செய்யத் தெரிந்து சொல்ல வராதவர்களும் உண்டு.

தங்கச்சி, இந்தப் பத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இன்று ராத்திரி மாத்திரை கொடுக்கும்போது டி.வி.யை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து கொடு. நாளைக்கு ஓர் அரை சார்ட் அட்டை வாங்கு. ஞாயிற்றுக்கிழமை மருந்து டப்பாவைக் கொட்டி, வேண்டாததை எடுத்துவிடு. நீ எத்தனை தடவை சொன்னாய் என்பது கணக்கில்லை. அவர் சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் தானே எடுத்துக் காட்டும்வரை, அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்.